‘வாங்கோ’ தெரியாத பிள்ளை

அன்புள்ள அக்காவுக்கு,

இவருக்கு டோஹாவில் இரண்டு வருஷ வேலை கிடைத்திருக்கிறது. அதற்குப் பிறகு எந்த நாடு என்று கம்பனிக்கே தெரியாது. மகளுக்கு நாலு வயது, மகனுக்கு எட்டு மாதம். அடுத்த மாதக் கடைசியில் பயணம். “சின்னவனைக் கொண்டு போங்கோ, மூத்தவள் என்னோட வெள்ளவத்தையில இருக்கட்டும், அங்க போனால் தமிழ் மறந்திடுவாள்” என்று மாமி ஒரே பிடியாக நிற்கிறா. நீங்களும் பிள்ளைகளோடு நாடு நாடாகத் திரிந்தவர்தானே. என்ன செய்யட்டும்?

- ஒரு வாசகி, கொழும்பு 6

அன்புள்ள தங்கைக்கு,

மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அம்மா, அப்பா, தம்பி மூவரும் ஓரிடத்தில், தான் மட்டும் வேறிடத்தில் என்றால் நாலு வயதுப் பிள்ளை அதற்கு ஒரு காரணம் கண்டுபிடிக்கும். தான் குழப்படி செய்ததால்தான் விட்டுவிட்டுப் போனார்கள் என்று நினைக்கும்.

ஆனால் மாமியின் பயத்தில் பாதி நியாயம். நாங்கள் மஸ்கட்டில் மூன்று வருஷம், ஜெர்மனியில் நாலு வருஷம் இருந்தோம். வீட்டில் தமிழ்தான். மகள் நன்றாகத் தமிழ் கதைக்கிறாள் என்று எனக்குப் பெருமை வேறு. அவளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது லீவுக்கு வந்தோம். வாசலில் அம்மா நிற்கிறா. இவள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, “அம்மம்மா, உள்ளுக்கு வா! கெதியா வா! கையைக் கழுவு!” என்றாள். சித்தியின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். “பிள்ளைக்கு மரியாதை பழக்கேல்லையோ?”

பழக்கவில்லைத்தான். அவளிடம் இருந்த தமிழ் முழுவதும் நான் அவளுக்குச் சொன்ன தமிழ். சாப்பிடு, படு, ஓடாதே, கையைக் கழுவு. ‘வாங்கோ, இருங்கோ’ என்று பெரியவர்கள் தங்களுக்குள் கதைப்பதை அவள் எங்கே கேட்டாள்? இவர் விடியப் போய், பிள்ளைகள் படுத்த பிறகு வருவார். எங்கள் கதையும் வாடகை, விசா என்று பாதி ஆங்கிலத்தில்தான் ஓடும்.

திரும்பிப் போனதும் ஒன்றை நிறுத்தினேன். கேமராவுக்கு முன்னால் நிறுத்தி “அம்மம்மாவுக்கு ஒரு தேவாரம் பாடிக் காட்டு” என்பதை. பாவம், பிள்ளைக்கு அது சோதனை எழுதுகிற மாதிரி. பதிலாகப் போனை ஸ்பீக்கரில் போட்டு, மரக்கறி வெட்டும் மேசையில் வைத்துவிட்டு நானும் அம்மாவும் ஊர்க்கதை கதைத்தோம். அவள் கீழே இருந்து படம் கீறுவாள். இரண்டு மாதம் போயிருக்கும். கீறியபடியே, “அம்மம்மா, இண்டைக்கும் மீன்காரன் வரேல்லையோ? நீங்கள் என்ன சமைச்சனீங்கள்?” என்றாள். கத்தி கையில் இருக்க அப்படியே நின்றுவிட்டேன்.

டோஹா நேரம் இங்கத்தையதைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். அங்கே நாலு மணிக்கு எடுத்தால் இங்கே ஆறரை. மாமி விளக்கேற்றி முடித்திருப்பா. கடற்கரை ரயில் கூவுவதும் மகளுக்குக் கேட்கும்.

இன்னொன்று, ஊசி. சின்னமுத்துக்கும் (தட்டம்மை) சேர்த்துப் போடுகிற எம்எம்ஆர் ஊசி இங்கே ஒன்பது மாதத்திலும் மூன்று வயதிலும். பயணத்துக்கு முன் மகனுக்கு ஒன்பது மாதம் முடியுமென்றால் அதை இங்கேயே போட்டுவிடுங்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு அட்டவணை. ஜெர்மனியில் 2020 மார்ச்சிலிருந்து, இரண்டு வயதான பிள்ளையைக் கிண்டர்கார்டனில் சேர்க்க இரண்டு சின்னமுத்து ஊசிக்குச் சான்று வேண்டும் என்று சட்டம். கொழும்பில் பிறந்த என் மகன் இரண்டரை வயதில் ஒரே ஒரு ஊசியோடு போய் நின்றான். கிளினிக் புத்தகத்தைச் சூட்கேசில் போடாதீர்கள், கைப்பையில் வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்தும் வையுங்கள்.

அங்கே இன்னொரு பிள்ளை பிறந்தால் (சிரிக்க வேண்டாம், நடக்கும்) ஒரு வருஷத்துக்குள் நம் தூதரகத்தில் பதியுங்கள். இலங்கைப் பிரஜாவுரிமைக்கு அந்தப் பதிவு வேண்டும். 2003க்கு முன் தகப்பன் வழியாக மட்டுமே அந்த உரிமை வரும். இப்போது தாய் வழியாகவும் வரும்.

மாமியிடம் வாதாடாதீர்கள். அவவின் பாஸ்போர்ட்டில் எவ்வளவு காலம் மிச்சம் என்று மெல்லக் கேட்டுப் பாருங்கள். முடியப்போகிறது என்றால் பயணத்துக்கு முன்பே பத்தரமுல்லை பாஸ்போர்ட் கந்தோருக்கு ஒருநாள் கூட்டிப்போங்கள்.