மலையில் கூடாரம், திடீர் மழை: கேள்வி பதில்

பிள்ளைகளோடு பழனி மலைப் பக்கம் பல வருடமாகக் கூடாரம் போட்டுத் தங்குகிறவன் நான். இந்த வாரம் வந்த கேள்விகள் முக்கால்வாசி மழையைப் பற்றித்தான். அனுமதி உள்ள இடத்தில் தங்குகிறீர்கள் என்று வைத்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து ஒரு அம்மா: மே முதல் வாரம் கொடைக்கானல் பக்கத்து மன்னவனூர் போகிறோம். பையனுக்கு 9, பாப்பாவுக்கு 5. போனில் வெயில் என்றுதான் காட்டுகிறது. ஸ்வெட்டர் போதுமா அண்ணா?

போதாதும்மா. கோடையில் மலைமேல் காலை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். வெயில் ஏற ஏற அடிவாரத்துச் சூடான காற்று மேலே போய் மேகமாகத் திரளும். மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டிவிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். மதுரை வெக்கையில் காரில் ஏறிய குழந்தை அங்கே நனைந்து, காற்றில் நிற்கும்.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. பத்து நிமிட மழைதான். ஜீன்ஸும் பனியனும் தொப்பலாகிவிட்டன. "குளிருதாடா" என்றேன், இல்லை என்று தலையாட்டினாள். ஆனால் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்க அவளுக்கு விரல் வளையவில்லை, உதடு வெளுத்திருந்தது. மாற்றுத் துணிப் பையைத் திறந்தால் அதுவும் ஈரம். காரில் கிடந்த ஒற்றைப் போர்வையைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு ஆளுக்கொரு செட் உடுப்பு, சாக்ஸ், குல்லா எல்லாவற்றையும் தடிமனான பாலித்தீன் கவரில் கட்டிக் காரிலேயே வைத்துவிடுகிறேன். நனைந்தால் ஒழிய அந்தக் கவரைப் பிரிக்கக் கூடாது. பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், அதனால் உள்ளாடைக்கு மேல் கம்பளி நல்லது. குழந்தை நடுங்கினால் ஈரத்தைக் களைந்து, நெஞ்சோடு அணைத்து, வெதுவெதுப்பாக இனிப்புப் பால் கொடுங்கள். நடுக்கம் நின்று தூக்கக் கலக்கமாகப் பேச்சு குழறினால் சரியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. உடனே 108.

கோவையிலிருந்து: மின்னல் வெட்டும்போது கூடாரத்துக்குள் இருப்பது பாதுகாப்பா?

இல்லை தம்பி. துணியும் கம்பியும் மின்னலை எப்படித் தடுக்கும்? நான்கு பக்கமும் இரும்பு மூடிய கார்தான் பாதுகாப்பு. கண்ணாடியை ஏற்றிவிட்டு, உலோகத்தைத் தொடாமல் உட்காருங்கள். பைக் உதவாது, தனி மரத்தடி இன்னும் மோசம்.

மின்னல் தெரிந்ததும் எண்ண ஆரம்பியுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் கணக்கு. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. சாப்பாட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் காருக்குப் போங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் இறங்க வேண்டும். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி பக்கத்தில் விழும் மின்னலைக் காட்டும். ஆனால் மலையில் சிக்னல் போய்விட்டால் எண்ணுவது ஒன்றுதான் வழி.

திருச்சியிலிருந்து: மழைக் குளிருக்குக் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் கொஞ்ச நேரம் வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்தாலும் வேண்டாம். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். 2020 ஜனவரியில் நேபாளத்துக்குச் சுற்றுலா போன கேரளத்தவர் எட்டுப் பேர், குழந்தைகள் உட்பட, அறைக்குள் கேஸ் ஹீட்டர் போட்டுத் தூங்கி இறந்துபோனார்கள். சுடுதண்ணீரை பாட்டிலில் இறுக்கி மூடி, துண்டில் சுற்றிக் காலடியில் வையுங்கள்.

நெல்லையிலிருந்து: ஓடைக் கரையில் போட்டால் பிள்ளைகளுக்குச் சந்தோஷம். மழை இல்லாத நாளில் போடலாம்தானே?

உங்கள் தலைக்கு மேல் மழை இல்லாவிட்டாலும் மேலே காட்டுக்குள் பெய்திருக்கலாம் அண்ணாச்சி. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது உங்கள் ஊர்ப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ ஏறிவிடுங்கள். கூடாரம் மேட்டில் இருக்கட்டும். ஆனால் வெட்டிய செம்மண் சரிவுக்குக் கீழே மட்டும் வேண்டாம்.

சேலத்திலிருந்து: புதுக் கூடாரம், மழையே இல்லை, காலையில் உள்ளே ஈரம். ஓட்டையா?

மூச்சுக் காற்று குளிர்ந்து படிந்த ஈரம். மேலே உள்ள வலை ஜன்னலைத் திறந்து வையுங்கள். தரைவிரிப்பு கூடாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மடக்கி உள்ளே தள்ளுங்கள், இல்லையென்றால் மழைநீரை அதுவே உள்ளே இழுத்து வந்துவிடும்.

சென்னையிலிருந்து: நவம்பரில் போகிறோம். புயல் கடற்கரைக்குத்தானே, கொடைக்கானலுக்கு என்ன?

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறிய கஜா, அன்றைக்கே கொடைக்கானலிலும் மரங்களைச் சாய்த்துச் சாலைகளை அடைத்தது. வானிலைத் துறை, கொடைக்கானல் இருக்கும் திண்டுக்கல் மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை என்றாலே நான் பயணத்தைத் தள்ளிவிடுவேன். சிவப்புக்குக் காத்திருக்க மாட்டேன். முன்பணம் போனால் போகட்டும்.

ஈரோட்டிலிருந்து: வானம் கறுத்தால் எப்போது கிளம்புவது?

மூன்று மணிக்குள் முடிவெடுங்கள். இருட்டிய பிறகு பனிமூட்டத்தில், விழுந்த கிளைகளுக்கு நடுவே கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவது கூடாரத்தில் நனைவதைவிட ஆபத்து. நேரம் தாண்டிவிட்டால் பக்கத்து ஊரில் கூரை உள்ள இடம் கேட்டுத் தங்கிவிடுங்கள். போனதுமே காரைப் பாதை பார்த்துத் திருப்பி நிறுத்துங்கள். சாவி எங்கே இருக்கிறது என்பது வண்டி ஓட்டத் தெரிந்த எல்லாருக்கும் தெரியட்டும்.