என்றென்றைக்குமான உரிமையை ஏன் மறுபடி மறுபடி உறுதி செய்தார்கள்?

வணக்கம் ஐயா,

ஸ்காட்லாந்து நகரங்களுக்கு அரசர்கள் கொடுத்த வணிக உரிமைச் சாசனங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் பதிவு அலுவலக வாசலில் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். அந்தப் பழக்கத்தில் ஒரு சந்தேகம் வந்தது. ஒரு அரசர் சந்தை, சுங்கம், வெளிநாட்டு வணிகம் எல்லாவற்றையும் ஓர் ஊருக்கு ‘என்றென்றைக்கும்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பிறகு வந்த அரசர்களும் அதையே ‘உறுதி செய்கிறோம்’ என்று திரும்பத் திரும்ப ஏன் எழுத வேண்டும்? கட்டணம் பிடுங்கும் வழியா? என் மருமகனோ இந்தச் சாசனங்கள்தான் ஜனநாயகத்தின் வித்து என்கிறார். அதுவும் சரிதானா? நேரமிருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
கே., தஞ்சாவூர்

அன்புள்ள கே. ஐயா அவர்களுக்கு,

பத்திரம் எழுதியவர் என்பதால் உங்களுக்குப் பதில் சொல்வது எளிது. மூலப்பத்திரம் தொலைந்துவிட்டது என்று ஒருவர் வந்தால் என்ன செய்வீர்கள்? அலுவலகப் புத்தகத்தில் பதிவு இருக்கும், மனுப் போட்டு நகல் வாங்கலாம் என்பீர்கள். அந்தப் புத்தகத்தையே எதிரி நாட்டு அரசன் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டால்?

டண்டிக்கு நடந்தது அதுதான். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், டே ஆறு விரிந்து கடலில் கலக்கும் முகத்துவாரத்தின் வடகரையில் உள்ள துறைமுக ஊர் அது. பிற்காலத்தில் வங்காளத்துச் சணலை நெய்து பெயர் வாங்கியது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் அரசர் வில்லியமின் தம்பி டேவிட் பிரபுவின் கையில் வளர்ந்தது. அந்த டேவிட்டின் மகள்வழி வாரிசுகள்தான் நூறு வருடம் கழித்து அரியணைக்கு அடித்துக்கொண்ட பேலியல், புரூஸ் குடும்பத்தார். அந்தச் சண்டைக்குள் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் புகுந்தார். 1296இல் படையெடுத்து வந்தவர் ஸ்காட்லாந்தின் அரச ஆவணங்களையும் அள்ளிக்கொண்டு போனார். போர்க்காலத்தில் டண்டி மாறி மாறி இரு தரப்பார் கையிலும் இருந்தது. ஊர்ப்பெட்டியில் இருந்த பழைய சாசனங்களும் போய்விட்டன.

போர் ஓய்ந்ததும் ஊரார், அப்போது ஸ்காட்லாந்தின் அரசராகியிருந்த ராபர்ட் புரூஸிடம் போனார்கள். கேட்டதும் அவர் எழுதிக் கொடுத்துவிடவில்லை. 1325இல் விசாரணைக்கு இருவரை அமர்த்தினார்: ஒருவர் ஆர்ப்ரோத் மடத்தின் தலைவரும் அரச முத்திரைக்குப் பொறுப்பான சான்சலருமான பெர்னார்ட், மற்றவர் அரசுக் கணக்குகளைக் கவனித்த அலெக்ஸாண்டர் ஃபிரேசர். ‘அலெக்ஸாண்டர் அரசர் காலத்தில் இந்த ஊருக்கு என்னென்ன உரிமை இருந்தது?’ என்பதுதான் கேள்வி. ஏடு இல்லாத இடத்தில் மனிதர்களின் ஞாபகத்தை ஏடாக்கினார்கள். அந்த விசாரணையை வைத்து 1327இல் உறுதிச் சாசனம் வந்தது.

‘அலெக்ஸாண்டர் காலத்தில்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மூன்றாம் அலெக்ஸாண்டர் 1286இல் இறந்தவர். அவருக்கும் புரூஸுக்கும் நடுவில் ஜான் பேலியல் என்றொருவர் முறைப்படி முடிசூடி நான்கு வருடம் ஆண்டிருக்கிறார். புரூஸின் ஆவணங்கள் அந்த நான்கு வருடத்தைக் கண்டுகொள்வதே இல்லை. அலெக்ஸாண்டருக்கு அடுத்து நான்தான் என்பதே அவற்றின் கணக்கு. டண்டியின் உரிமையை அலெக்ஸாண்டர் காலத்திலிருந்து எடுத்து உறுதி செய்தபோது, தான் யாருடைய வாரிசு என்பதையும் புரூஸ் சேர்த்தே எழுதிக்கொண்டார். ஊர் புரூஸிடம் பத்திரம் வாங்கியது. புரூஸ் ஊரிடமிருந்து அங்கீகாரம் வாங்கினார்.

கட்டணமா என்று கேட்டீர்கள். காசும்தான். 1319இல் இதே புரூஸ் ஆபர்டீன் நகரை, பக்கத்து ஸ்டாக்கெட் காட்டோடு சேர்த்து, நகரத்தாருக்கே நிரந்தரக் குத்தகையாகக் கொடுத்தார். வருடத்துக்கு 213 பவுன் 6 ஷில்லிங் 8 பென்ஸ். அதிகாரி வைத்துச் சுங்கம் வசூலிக்கும் தலைவலி அரசருக்கு விட்டது. மிச்சம் பிடிக்கும் வாய்ப்பு ஊருக்கு வந்தது.

ஆனால் காசு மட்டும் காரணம் என்றால் ஊர்க்காரர்கள் இத்தனை ஆவலாகப் போய் நிற்கமாட்டார்கள். அவர்களைத் துரத்தியது வில்லங்க பயம். அதில் ஒன்று உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி: மைனர் சொத்து. 1406இல் முதலாம் ஜேம்ஸ் பட்டத்துக்கு வந்ததிலிருந்து ஆறாம் ஜேம்ஸ் வரை அத்தனை பேரும் சிறுவர்களாகவே அரியணைக்கு வந்தார்கள். மேரி பிறந்து ஒரு வாரத்தில் ராணி. அவர் மகன் ஆறாம் ஜேம்ஸ் 1567இல் முடிசூடியபோது பதின்மூன்று மாதக் குழந்தை. அந்த வருடங்களில் அரசர் பெயரால் கொடுத்ததெல்லாம் வேறு யாரோ கொடுத்தவை. அரசர் இருபத்தைந்து வயதுக்குள் ‘என் மைனர் காலத்துக் கொடைகளை ரத்து செய்கிறேன்’ என்று அறிவிக்கலாம், அது வழக்கமாகவே இருந்தது. அப்படியிருக்க, எந்த ஊர் பழைய தோல் சாசனத்தை மட்டும் நம்பி உட்காரும்?

அடுத்த வில்லங்கம் பக்கத்து ஊர். டண்டியிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் மேற்கே அதே டே ஆற்றில் பெர்த் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குப் பெயர் கொடுத்த ஊர். கடல் ஏற்றம் அதுவரை போகும், கப்பலும் போகும். ஆனால் கடலிலிருந்து வரும் கப்பல் முதலில் காண்பது டண்டியைத்தான். பெர்த்தின் கையிலோ 1210 அளவில் அரசர் வில்லியம் கொடுத்த சாசனம் இருந்தது. அதை வாசித்தால் ஊர்க்கடைக்காரர்களே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதியதுபோல இருக்கும். பெர்த் மாவட்டத்துக்குள் வெளியூர் வணிகர் எவரும் பெர்த் நகருக்கு வெளியே வாங்கவோ விற்கவோ கூடாது. சரக்கோடு நகருக்குள் வந்தாக வேண்டும். துணி கொண்டுவந்தால் இயேசு விண்ணேறிய திருநாளிலிருந்து ஆகஸ்ட் முதல் தேதி வரைதான் வெட்டி விற்கலாம். மற்ற மாதங்களில் சில்லறை வியாபாரம் உள்ளூர்க்காரருக்கே. கிராமத்தில் சாராயக்கடை வைக்கக்கூடாது. அந்தக் கிராமத்துக்குச் சொந்தக்காரரான வீரப்பிரபு அங்கேயே குடியிருந்தால் மட்டும் ஒரே ஒரு கடை. நகருக்கு வெளியே யாரும் சாயத்துணி செய்யக்கூடாது.

இப்படிப்பட்ட சாசனத்தில் ஓர் ஊரின் உரிமை என்பது மற்ற எல்லோருக்கும் போடும் தடை. டே ஆற்று வணிகத்துக்காகப் பெர்த்தும் டண்டியும் தலைமுறை தலைமுறையாக வழக்காடின. சரக்கு போதாதென்று மானப் பிரச்சினையும் சேர்ந்தது: நாடாளுமன்ற ஊர்வலத்தில் எடின்பரோவுக்கு அடுத்த இடம் யாருக்கு? (பெர்த்துக்குத்தான் என்று பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடிவானது. டண்டிக்காரர்கள் அதை எப்படி விழுங்கினார்களோ.)

எந்தெந்த வேளையில் உறுதிச் சாசனங்கள் வந்தன என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம். ஆகஸ்ட் 1600இல் பெர்த் நகரிலேயே, கௌரி பிரபுவின் மாளிகையில், ஆறாம் ஜேம்ஸைக் கொல்ல முயற்சி நடந்ததாகச் சொல்லி அந்தப் பிரபுவையும் அவர் தம்பியையும் அங்கேயே வெட்டிச் சாய்த்தார்கள். கௌரி அந்த ஊரின் தலைவர். ஊருக்கு எவ்வளவு நடுக்கம் இருந்திருக்கும்! மூன்று மாதத்தில், நவம்பரில், பெர்த்தின் உரிமைகளை எல்லாம் உறுதி செய்து ஜேம்ஸ் சாசனம் கொடுத்தார். மறுவருடம் அந்த ஊரின் நகரத்தாராகவே சேர்ந்து வணிகர் சங்கப் புத்தகத்தில் கையெழுத்தும் போட்டார். கையெழுத்தோடு அவர் எழுதிய லத்தீன் வரி: ‘பணிந்தோரைக் காத்தல், செருக்குற்றோரை அடக்குதல்’. யாருக்குச் சொன்னார் என்பதில் அந்த ஊருக்குச் சந்தேகம் இருந்திருக்காது.

டண்டியின் பெரிய சாசனம் செப்டம்பர் 1641இல் வந்தது. அப்போது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து இரண்டுக்கும் அரசரான முதலாம் சார்ல்ஸ் எடின்பரோவில் இருந்தார். மத விவகாரத்தில் ஸ்காட்லாந்தோடு இரண்டு முறை மோதித் தோற்று, கேட்டவர்க்கெல்லாம் கொடுத்து நட்புத் தேடிக்கொண்டிருந்த நேரம். அரசர் இறங்கி வரும்போது கேட்பதுதான் சாமர்த்தியம். டண்டி கேட்டது, பெற்றது. ஆனால் உறுதி செய்தால் வழக்கு தீர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அந்த நூற்றாண்டில் நாடாளுமன்றம் பல ஊர்களுக்கும் பிரபுக்களுக்கும் கூட்டத்தொடர் முழுக்க உறுதி செய்துகொடுக்கும். கடைசி நாளில், இதெல்லாம் பிறர் உரிமைக்குப் பாதகமின்றி என்று பொதுவாக ஒரு சட்டத்தையும் நிறைவேற்றிவிட்டுக் கலைந்துபோகும். பக்கத்து ஊர்க்காரன் தன் பத்திரத்தோடு மறுபடி நீதிமன்றம் வரலாம். வாளோடு வருகிறவனுக்கு அந்தப் பத்திரமும் வேண்டாம். சார்ல்ஸின் சாசனத்துக்குப் பத்து வருடம் முடிவதற்குள், 1651 செப்டம்பர் முதல் தேதி, இங்கிலாந்துப் படைத்தலைவர் கிராம்வெல்லின் தளபதி மங்க் டண்டியின் மதிலை உடைத்துப் புகுந்து ஊரைச் சூறையாடினார்.

இனி உங்கள் மருமகன். அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. பண்ணையாள் ஒருவன் இந்த நகரங்களில் மனை வாங்கி ஒரு வருடமும் ஒரு நாளும் குடியிருந்துவிட்டால், எஜமான் உரிமை கொண்டாட முடியாதபடி சுதந்திர மனிதன் ஆவான் என்று பழைய நகரச் சட்டம் சொன்னது. அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் வில்லியமின் பெர்த் சாசனத்தை மறுபடி பாருங்கள். நகரத்தாருக்கு வணிகர் சங்கம் வைத்துக்கொள்ள உரிமை, நெசவாளரும் துணி வெளுத்து மிதிப்போரும் நீங்கலாக. ஊரின் செல்வமே துணியும் கம்பளியும் தோலும். அந்தத் துணியை நெய்தவனைச் சங்கத்தின் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆபர்டீனுக்குக் கொடுத்ததிலும் இதே விலக்கு உண்டு. 1469இல் இன்னொரு சட்டம் வந்தது: பழைய நகரசபையே புதிய சபையைத் தேர்ந்தெடுக்கும். பதவியில் இருப்பவர்கள் தங்களுக்குப் பின் வருகிறவர்களைத் தாங்களே பொறுக்கிக்கொள்ளும் இந்த ஏற்பாடு 1833 வரை நடந்தது. உறுதி செய்யப்பட்ட ‘பழைய வழக்கங்களில்’ இதுவும் அடக்கம். நானாக இருந்தால் இதை ஜனநாயகத்தின் வித்து என்று சொல்லமாட்டேன். குத்தகையை விட்டுத்தராத சில குடும்பங்களின் கெட்டிக்காரத்தனம் என்பேன்.

இவையெல்லாம் இன்று செல்லுமா என்று நீங்கள் கேட்கவில்லை. பத்திரக்காரர் கேட்கக்கூடிய கேள்வி என்பதால் சொல்லிவிடுகிறேன். 1672 சட்டம் அரசரிடம் சாசனம் பெற்ற ‘அரச நகரங்களின்’ ஏகபோகத்தை ஒயின், பட்டு, வாசனைப்பொருள், சாயம் போன்ற சில சரக்குகளுக்குச் சுருக்கியது. 1707இல் இங்கிலாந்தோடு இணைந்தபோது, ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவு அரச நகரங்களின் உரிமைகள் அப்படியே தொடரும் என்றது. 1846இல் நாடாளுமன்றம் தனி வணிக உரிமைகளை ஒரே சட்டத்தில் ரத்து செய்தது. நகரங்கள் என்ற அந்த நிர்வாக அமைப்பே 1975இல் கலைந்தது. ஆனால் ஆபர்டீனில் 1319 குத்தகையிலிருந்து திரண்ட ஊர்ப்பொதுச் சொத்து இன்னும் நகரசபைக் கணக்கில் தனித் தலைப்பில் இருக்கிறது, வருமானமும் வருகிறது.