வாசகர் கேள்வி – பதில்: உள்ளாட்சியும் பேரிடர் ஆயத்தமும்

கேள்வி: உள்ளாட்சி அமைப்பு ஒன்றின் பேரிடர் மேலாண்மைப் பிரிவுக்கு அண்மையில் பொறுப்பேற்றுள்ளேன். எனக்கு முன்பு இருந்தவர் இருநூறு பக்கத் திட்ட அறிக்கை ஒன்றைத் தயாரித்து வைத்துச் சென்றிருக்கிறார். அதைப் புதுப்பிப்பதிலிருந்து பணியைத் தொடங்கலாமா?

பதில்: புதுப்பிப்பதற்கு முன் அதைச் சோதித்துப் பாருங்கள். அதில் அச்சாகியிருக்கும் தொலைபேசி எண்களில் பத்தைத் தேர்ந்தெடுத்து, விடுமுறை நாள் ஒன்றின் இரவில் அழைத்தால், எத்தனை எண்கள் உயிரோடு இருக்கின்றன என்பதும், எடுத்துப் பேசுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தம் பெயர் அந்த அறிக்கையில் இருப்பதாவது தெரியும் என்பதும் அரை மணி நேரத்தில் விளங்கிவிடும். அடுத்ததாக, அறிக்கை குறிப்பிடும் இடங்களுக்கு நேரில் செல்லுங்கள். நிவாரண முகாம் என்று எழுதப்பட்ட கட்டடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, அதற்குச் செல்லும் சாலையே முதலில் மூழ்குமா, மருத்துவமனையின் ஜெனரேட்டர் அடித்தளத்தில் வைக்கப்பட்டிருக்கிறதா, அதில் இருக்கும் டீசல் எத்தனை மணி நேரத்துக்குத் தாங்கும் என்பவை மேசையில் அமர்ந்து அறிந்துகொள்ளக் கூடியவை அல்ல.

இவ்வளவும் செய்த பிறகு அறிக்கையில் நீங்கள் தேட வேண்டியது ஒன்றே ஒன்று: எந்த அளவு எட்டப்பட்டால், யார், என்ன முடிவை எடுப்பார் என்று அதில் எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா? "நிலைமைக்கேற்ப உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற வாக்கியம் பல அறிக்கைகளில் இருக்கும். அதை அடித்துவிட்டு, ஆற்றின் நீர்மட்டம் இந்தக் குறியைத் தொட்டால் தாழ்வான இந்தத் தெருக்களில் வசிப்போரை வெளியேற்றும் ஆணை பிறப்பிக்கப்படும், அதைப் பிறப்பிப்பவர் இன்னார், அவரைத் தொடர்புகொள்ள இயலாவிட்டால் இன்னார் என்று எழுதுங்கள். நீரின் உயரம், காற்றின் வேகம், மழையின் அளவு, வெப்பநிலை என ஒவ்வோர் ஆபத்துக்கும் இப்படி ஓர் எல்லைக் குறி வேண்டும்.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் கொலம்பியாவின் ஆர்மெரோ நகரம். 1985 நவம்பர் 13 அன்று இரவு 9 மணியளவில் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை வெடித்தது. அதன் உச்சியில் இருந்த பனி உருகியதால் பெருக்கெடுத்த சேற்று வெள்ளம் ஆர்மெரோவை அடைந்தபோது மணி ஏறத்தாழ 11.30. இடையில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. நடந்தே சென்று சேரக்கூடிய மேட்டு நிலமும் அருகில் இருந்தது. எந்தெந்தப் பகுதிகளைச் சேறு மூடும் என்று காட்டும் வரைபடம் ஒரு மாதத்துக்கு முன்பே தயாராகி, அதில் ஆர்மெரோவும் இடம்பெற்றிருந்தது. ஆயினும் 20,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வெளியேற்றிய பிறகு ஒன்றும் நடக்காமல் போனால் அந்தச் செலவுக்கும் பழிக்கும் யார் பொறுப்பேற்பது என்ற தயக்கம் அதிகாரிகளின் கையைக் கட்டிப்போட்டதாகப் பின்னர் ஆராய்ந்தவர்கள் எழுதினர். அறிவியல் தன் பங்கைச் செய்திருந்தது. முடிவு எடுப்பவரின் தயக்கத்துக்கு இடம் தராத முன்னேற்பாடுதான் இல்லாமல் போயிற்று.

கேள்வி: ஆபத்து நேரத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் ஒன்று சொல்கிறார், ஆணையர் ஒன்று சொல்கிறார், தீயணைப்புத் துறையும் காவல் துறையும் தத்தம் மேலதிகாரிகளின் சொல்லுக்குக் காத்திருக்கின்றன. உண்மையில் அன்றைய தலைமை யாருடையது?

பதில்: 1970-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 13 நாள்கள் எரிந்த காட்டுத் தீக்களில் 16 பேர் இறந்தபோது எழுந்த கேள்வியும் இதுவே. உதவிக்கு வந்த தீயணைப்புப் படைகள் ஒரே பொருளுக்கு வெவ்வேறு பெயர்களைப் பயன்படுத்தின. ஒருவரின் வானொலிக் கருவி மற்றவருடையதோடு பேசவில்லை. யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதில் தெளிவில்லை. அந்த அனுபவத்திலிருந்து உருவான நிகழிடக் கட்டளை முறைதான் இன்று பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. களத்தில் பணியாற்றும் ஒவ்வொருவருக்கும் ஆணையிடுபவர் ஒருவரே இருக்க வேண்டும். ஒருவரின் நேரடிப் பொறுப்பில் மூன்று முதல் ஏழு பேர் வரையே இருக்க வேண்டும். சங்கேதக் குறிகளைத் தவிர்த்து எல்லோருக்கும் புரியும் எளிய மொழியில் பேச வேண்டும் என்பவை அதன் அடிப்படை விதிகள்.

தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவருக்கு இதில் இடமில்லை என்று பொருளல்ல. வெளியேற்ற ஆணைக்கு ஒப்புதல் தருவது, நிதியை விடுவிப்பது, அரசின் உயர்மட்டத்தில் உதவி கேட்பது, மக்கள் முன் தோன்றி நிலைமையை விளக்குவது ஆகியவை அவருக்கே உரியவை. எந்தப் படகு எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்பது அவருக்கு உரியதன்று. இந்த எல்லையை மழை நாளில் எடுத்துச் சொன்னால் அது அவமதிப்பாகத் தோன்றும். ஆகவே வெயில் நாளில், தீர்மானமாக, அவருடைய கையொப்பத்தோடு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பேரிடர் பிரிவின் பொறுப்பு அலுவலர் தம் செல்வாக்கை உண்மையில் ஈட்டுவது இத்தகைய அமைதியான நாள்களில்தான். தீயணைப்பு நிலைய அலுவலரோடும் மின்வாரியப் பொறியாளரோடும் பள்ளித் தலைமையாசிரியரோடும் முன்பே பேசிப் பழகாதவர், நள்ளிரவில் அவர்களைத் தொலைபேசியில் அழைத்துத் தாம் யார் என்று சொல்லித் தொடங்க வேண்டியிருக்கும்.

கேள்வி: எச்சரிக்கை விடுத்தாலும் மக்கள் வீட்டை விட்டு நகர்வதில்லை. முன்பு ஒருமுறை எச்சரிக்கை பொய்த்துப் போனதே காரணம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: பொய்த்த எச்சரிக்கையைக் காட்டிலும், பொய்த்தது ஏன் என்று யாரும் விளக்காமல் விட்டதே நம்பிக்கையைக் குலைத்திருக்கலாம். புயல் திசைமாறிச் சென்றால் மறுநாளே மக்களிடம் அதைச் சொல்லுங்கள். எந்தத் தகவலின் பேரில் அவர்களை வெளியேறச் சொன்னீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தவறான எச்சரிக்கையைத் திரும்பப் பெறும் செய்தியையும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். 2018 ஜனவரி 13 அன்று ஹவாய் மாநில மக்களின் செல்பேசிகளுக்கு ஏவுகணைத் தாக்குதல் வருவதாகத் தவறான எச்சரிக்கை சென்றது. அது தவறு என்ற மறுசெய்தி அதே வழியில் போய்ச் சேர 38 நிமிடங்கள் ஆயின. எச்சரிக்கையின் வாசகம் முன்பே தயாராக இருந்தது, திரும்பப் பெறுவதற்கான வாசகம் கைவசம் இல்லை.

செய்தியைக் கேட்டவுடன் யாரும் கிளம்புவதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பக்கத்து வீட்டாரைக் கேட்பார்கள், உறவினரை அழைப்பார்கள், வாசலில் வந்து வானத்தைப் பார்ப்பார்கள். இதைப் பிடிவாதம் என்று எண்ணாமல், இயல்பான சரிபார்ப்பு என்று கொண்டு, அதற்கு ஆகும் நேரத்தையும் கணக்கில் சேர்த்து எச்சரிக்கையை முன்னதாக விடுக்க வேண்டும். செய்தியைச் சொல்வது யார், ஆபத்து எது, எந்தப் பகுதிக்கு, எத்தனை மணிக்குள், என்ன செய்ய வேண்டும் ஆகிய ஐந்தும் அதில் இருக்கட்டும். "மக்கள் விழிப்புடன் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்பதில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

நகர மறுப்பவர்களிடம் காரணத்தையும் கேளுங்கள். அப்போது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த வங்கதேசத்தில் 1970-இல் வீசிய போலா புயலில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பிறகு அங்கே தொடங்கப்பட்ட புயல் ஆயத்தத் திட்டத்தில் இன்று 70,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் கொடியும் ஒலிபெருக்கியுமாக வீடு வீடாகச் செல்கிறார்கள். 2020-இல் ஆம்பன் புயலின்போது அந்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். அறிவிப்பவர் தம் ஊர்க்காரர் என்பது அந்தத் திட்டத்தின் பெரும் பலம். ஆனால் கால்நடைகளை விட்டுவிட்டு வர மக்கள் மறுத்தார்கள் என்பதை உணர்ந்து, அவற்றுக்கென உயர்ந்த மண்மேடுகள் அமைக்கப்பட்டதும் அதே அளவு முக்கியமானது. உங்கள் பகுதியில் தடையாக இருப்பது திருட்டு பயமாக இருக்கலாம், படுக்கையில் இருக்கும் முதியவராக இருக்கலாம், முகாமில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இல்லாததாகவும் இருக்கலாம். ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டுவதால் இவை எவையும் தீரா.

கேள்வி: உண்மை நிலையைச் சொன்னால் மக்கள் பீதியடைந்து சிதறி ஓடுவார்கள் என்பதால், தகவலைச் சற்றுக் குறைத்துச் சொல்வது சரிதானே?

பதில்: சரியன்று. பேரிடர்களில் கூட்டம் கூட்டமாகப் பீதியடைவது அரிது என்றே பல பத்தாண்டு ஆய்வுகள் காட்டுகின்றன. 1995-இல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்தில் இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டோரில் பெரும்பாலோரை மீட்டவர்கள் குடும்பத்தினரும் அண்டை வீட்டாருமே. அத்தகையவர்களிடம் தகவலை மறைத்தால், மீட்புப் பணிக்கு முதலில் வரப்போகும் ஆள்களை இருட்டில் நிறுத்துகிறீர்கள்.

கேள்வி: ஆண்டுதோறும் ஒத்திகை நடத்துகிறோம். புகைப்படம் எடுப்பதோடு முடிந்துவிடுகிறது. ஒத்திகையால் உண்மையில் பயன் உண்டா?

பதில்: பயன் உண்டு, தீங்கும் உண்டு. இரண்டுக்கும் சான்று ஒரே ஊரில் கிடைக்கிறது. 2011 மார்ச் 11 அன்று சுனாமி தாக்கியபோது, ஜப்பானின் கமாய்ஷி நகரத்து உனோசுமாய் பகுதியில், நடுநிலைப் பள்ளி மாணவர்கள் அருகிலிருந்த தொடக்கப் பள்ளிச் சிறுவர்களையும் அழைத்துக்கொண்டு மேட்டை நோக்கி ஓடினார்கள். குறிக்கப்பட்ட இடத்தை அடைந்த பின்னும் அது போதாது என்று கருதி மேலும் உயரத்துக்குச் சென்றார்கள். அந்த இரு பள்ளிகளும் சுனாமி எட்டாத பகுதி என்று வரைபடம் காட்டியிருந்தது. ஆனால் அலை அவற்றை மூழ்கடித்தது. "வரைபடத்தை முழுமையாக நம்பாதே" என்பது அவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கற்பிக்கப்பட்ட பாடம். அன்று பள்ளியில் இருந்த பிள்ளைகள் தப்பினர்.

அதே பகுதியில் பேரிடர்த் தடுப்பு மையம் என்ற பெயர் தாங்கிய கட்டடம் ஒன்றும் இருந்தது. அது சுனாமிக்கான முறையான புகலிடம் அன்று. ஆயினும் மேட்டுக்கு ஏறுவது முதியோருக்குக் கடினம் என்பதால், அதிகம் பேர் கலந்துகொள்ள வசதியாக, சில நாள்களுக்கு முன் நடந்த ஒத்திகையில் மக்கள் அங்கேயே கூட்டப்பட்டிருந்தார்கள். உண்மையான நாளிலும் அவர்கள் அங்கேயே போனார்கள். 150-க்கும் மேற்பட்டோர் அங்கே இறந்ததாகக் கணக்கிடப்பட்டுள்ளது.

வருகைப் பதிவேடு நிரம்புவதற்காக ஒத்திகையை எளிதாக்குகிறவர்கள் இதை ஒருமுறையாவது படிக்க வேண்டும். ஒத்திகையில் செய்ததையே உடல் பழகிக்கொள்கிறது. பெரிய ஒத்திகைக்கு முன், அலுவலர்கள் பத்துப் பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து, "இரவு 2 மணி, செல்பேசிக் கோபுரம் வேலை செய்யவில்லை, ஆணையர் வெளியூரில் இருக்கிறார்" என்று தொடங்கி இரண்டு மணி நேரம் பேசினாலே பல ஓட்டைகள் தெரியவரும். அதில் கண்ட குறைகளை யார், எந்தத் தேதிக்குள் சரிசெய்வார் என்று எழுதாமல் கலைந்தால் அந்த இரண்டு மணி நேரமும் வீண்.

கேள்வி: நடக்காத ஒன்றுக்காகச் செலவு செய்ய மன்ற உறுப்பினர்கள் ஒப்புவதில்லை. எப்படி இணங்க வைப்பது?

பதில்: பெரும்பாலும் முழுமையாக இணங்க வைக்க இயலாது, அதைத் தெரிந்துகொண்டே பேச வேண்டும். எப்படியும் நடக்கவிருக்கும் பணிகளோடு ஆயத்தத்தை இணைப்பது ஒரு வழி: புதிய பள்ளி கட்டும்போதே அதை முகாமாகவும் பயன்படும்படி உயர்த்திக் கட்டுவது, சாலை போடும்போதே வடிகாலை அகலப்படுத்துவது. கடந்த முறை ஏற்பட்ட இழப்பை உறுப்பினரின் சொந்த வட்டத்துத் தெருப் பெயர்களோடு எடுத்துக் காட்டுவது இன்னொன்று.

ஜப்பானின் ஃபுதாய் சிற்றூரில் பல பத்தாண்டுகள் தலைவராக இருந்த கோதோகு வாமுரா, 1933 சுனாமியின் உடல்களைக் கண்டவர். பழைய அலை 15 மீட்டர் எழுந்ததாக ஊரில் நிலவிய செய்தியைப் பிடித்துக்கொண்டு, 15.5 மீட்டர் உயர வெள்ளக் கதவு வேண்டும் என்றார். இவ்வளவு உயரம் வீண் செலவு என்று பலர் எதிர்த்தனர். கதவு 1984-இல் முடிந்தது. அவர் 1997-இல் காலமானார். 2011-இல் அந்தக் கதவுக்குப் பின்னிருந்த ஊர் தப்பியது. ஆனால் உங்கள் நிதிக் கோரிக்கையில் சேர்க்கத் தக்க செய்தி வேறொன்று. அன்று பெரிய கதவுகள் தொலைவிலிருந்தே மூடப்பட்டன. பக்கவாட்டுச் சிறு கதவுகள் சிக்கிக்கொண்டன. அலை வந்துகொண்டிருக்கும்போதே தீயணைப்பு வீரர் ஒருவர் கீழே இறங்கிச் சென்று அவற்றைக் கையால் மூட வேண்டியிருந்தது. கட்டுமானத்துக்குக் கேட்கும் தொகையோடு பராமரிப்புக்கும், கையால் மூடத் தெரிந்த ஆள்களுக்கான பயிற்சிக்கும் ஆண்டுதோறும் ஒரு தனித் தலைப்பில் நிதி கேளுங்கள். முதல் வெட்டு விழுவது அதன் மீதுதான் என்பதால், அதைச் சற்றுக் கூடுதலாகவே கேளுங்கள்.