மிதித்தபடி நின்றால் பிரேக் பெடல் கீழே இறங்குகிறது

உங்கள் காரின் பெடல் இப்படி இறங்குவதை சர்வீஸில் ‘நார்மல்’ என்று சொன்னாலும் சரி, அது நார்மல் கிடையாது. பிரேக் பேட் புதிது, பிரேக் ஆயிலும் குறையவில்லை, ஆனாலும் சிக்னலில் மிதித்தபடி நின்றால் பெடல் தரைவரை போகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டருக்குள் (மிதிப்பதை ஆயில் அழுத்தமாக மாற்றும் பாகம்) இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்திருக்கும். ஆயில் வெளியே ஒழுகாமல் சீலைத் தாண்டி உள்ளுக்குள்ளேயே பின்வாங்கும். அதனால்தான் பிரேக் ஆயில் டேங்கில் அளவு அப்படியே நிற்கிறது.

நீங்களே பார்த்துவிடலாம்:

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, பெடல் இறுகும்வரை நாலைந்து தடவை மிதியுங்கள்.
2. அப்புறம் லேசாக அழுத்தி அரை நிமிடம் பிடியுங்கள். மெல்ல இறங்கினால் கசிவுதான்.
3. பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் தாழ்ந்து நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம், அது பூஸ்டர் (மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பாகம்) வேலை செய்வது.

ஓங்கி மிதித்துப் பார்க்காதீர்கள். சில சீல்கள் அழுத்தம் கூடினால் ஒட்டிக்கொள்ளும், லேசாக மிதித்தால்தான் ஆயிலைக் கசியவிடும். சர்வீஸில் கோளாறு பிடிபடாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

ஒன்று மட்டும்: இந்தச் சோதனையில் பெடல் இறங்காவிட்டாலும் சிலிண்டர் நல்லது என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆயில் வெளியே கசிகிறதா என்று அறிய, சக்கரங்களின் உள்பக்கம் ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சரிசெய்யும்வரை ஓட்டாதீர்கள், டோ செய்தே கொண்டுபோங்கள். புகாரை ஜாப் கார்டில் (சர்வீஸில் வேலைகளைக் குறிக்கும் படிவம்) உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். ‘ஒன்றுமில்லை’ என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள்.