வண்டும் பாம்பும் பொறித்த பொன்: எகிப்திய பாணிப் பழைய நகைகள் – கேள்வி பதில்

வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் நகையின் முன்பக்கத்தை மட்டும் பார்த்து எழுதப்பட்டவை. பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கொக்கியும் ஊசியும் முத்திரையும் அங்கேதான் இருக்கின்றன. இன்னொன்று: எதையும் கழுவாதீர்கள்.

சென்னை: துட்டன்காமன் கல்லறையைக் கண்டுபிடித்த பிறகுதானே இந்த மோகம் வந்தது? என் ப்ரூச் (உடையில் குத்தும் ஊசிப் பதக்கம்) 1870-ஐச் சேர்ந்தது என்று விற்றவர் சொன்னதை நம்புவதா?

நம்ப இடமிருக்கிறது. 1922-இல் வந்தது இரண்டாவது அலை. முதல் அலை நெப்போலியன் 1798-இல் எகிப்துக்குப் படையெடுத்ததிலிருந்தே எழத் தொடங்கியது. பிரெஞ்சு அறிஞர் சம்போலியோன் 1822-இல் எகிப்தியச் சித்திர எழுத்தைப் படித்துக் காட்டினார். 1859-இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் மரியெத்தின் ஆட்கள் அரசி ஆஹோதெப்பின் நகைகளை வெளியே எடுத்தார்கள். அவை 1862-இல் லண்டனிலும் 1867-இல் பாரிஸிலும் கண்காட்சிக்கு வந்தபோது ஐரோப்பியப் பொற்கொல்லர்கள் அசல் எகிப்திய நகையைக் கண்ணால் பார்த்தார்கள். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ரோமில் காஸ்தெல்லானி குடும்பம், லண்டனில் கார்லோ ஜூலியானோ, பாரிஸில் பூஷெரோன் எல்லோரும் இந்தப் பாணியில் செய்தவர்கள்.

இரண்டு அலைகளையும் கையில் எடுத்தாலே பிரித்துவிடலாம். முதலாவதில் மஞ்சள் பொன் தூக்கலாக இருக்கும், முகங்கள் புடைத்திருக்கும், எள்ளை விடச் சிறிய கண்ணாடித் துண்டுகளால் ஆன ரோமானிய மொசைக் வேலையும் வரும். 1920-களில் பிளாட்டினம், வைரம், கறுப்பு ஓனிக்ஸ், நேர்கோடு, தட்டையான உருவம். பாரிஸ் நகை நிறுவனமான கார்ட்டியே அந்தக் காலத்தில் பழைய எகிப்தியப் பளிங்கு மண் துண்டுகளையே, அதாவது ஃபயான்ஸ் துண்டுகளையே, வைரங்களுக்கு நடுவே பதித்தது. உங்கள் ப்ரூச்சில் ஊசி மாட்டும் இடம் பூட்டு இல்லாத வெறும் வளைவாக இருந்தால் விற்றவர் சொன்னதற்கு அது பக்கபலம். முடிவான சான்றாகாது.

கோவை: பாட்டியின் கைச்சங்கிலியில் வண்டு வடிவில் செதுக்கிய ஐந்து பெரோசா கற்கள் இருக்கின்றன. கல்யாணத்துக்குப் போட்டுப் போக வேண்டும். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைக்கலாமா?

வேண்டாம். பெரோசா நுண்துளை உள்ள கல். சோப்பையும் எண்ணெயையும் உறிஞ்சி நீலம் பச்சையாகத் திரியும். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

திருச்சி: இதன் விலை என்ன?

படத்தைப் பார்த்து விலை சொல்வதில்லை.

மதுரை: மீனாகாரி போன்ற எனாமல் வேலையை உலகுக்குத் தந்தவர்களே எகிப்தியர்கள்தான் என்று படித்தேன். சரியா?

இந்தக் கேள்விக்காக நன்றி. சரியில்லை. துட்டன்காமன் முகமூடியின் நீலக் கோடுகளைப் பார்ப்பவர்கள் அதை எனாமல் என்றே எண்ணுகிறார்கள். எனாமல் என்றால் கண்ணாடிப் பொடியைப் பொன்னின் மேல் இட்டு, சூளையில் உருக்கி ஒட்டவைப்பது. அந்தக் கோடுகள் தனியே வெட்டிப் பதித்த கண்ணாடி. பொன் தகட்டின் மேல் மெல்லிய பொன் பட்டைகளால் அறைகள் கட்டி, ஒவ்வோர் அறைக்கும் அளவாகக் கல்லைத் தேய்த்து உட்கார வைப்பார்கள். 1914-இல் எகிப்தின் லாஹூனில் கிடைத்த இளவரசி சித்ஹாதோர்யூனெத்தின் மார்புப் பதக்கத்தில் இப்படி 372 கல்துண்டுகள் இருக்கின்றன. சூதுபவளம், பெரோசா, லாபிஸ் என்ற கருநீலக் கல். லாபிஸ் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷானிலிருந்து போனது. பெரோசா சினாய் மலைச் சுரங்கங்களில் எடுத்தது. அந்தப் பதக்கத்தின் பின்பக்கத்தில் இதே உருவங்களைப் பொன்னிலேயே செதுக்கியிருக்கிறார்கள். அணிந்தவரின் மார்பைத் தொடும் பக்கம், யாரும் பார்க்காத பக்கம். அந்தக் கொல்லர் மேல் எனக்குத் தீராத மரியாதை.

19-ஆம் நூற்றாண்டுக்காரர்கள் இதே தோற்றத்தை எனாமலில் கொண்டுவந்தார்கள். அதனால் உங்கள் நகையில் எனாமல் சிறகு இருந்தால் அது பெரும்பாலும் ஐரோப்பிய வேலை. அதில் குறைவொன்றும் இல்லை.

சேலம்: பாம்பு வளையல் எகிப்திய பாணிதானே?

பாம்பெல்லாம் எகிப்து ஆகாது. விக்டோரியா அரசியின் நிச்சயதார்த்த மோதிரமும் பாம்புதான். படம் விரித்து நெற்றியில் நிமிர்ந்து நிற்கும் நாகம் என்றால் எகிப்து. கையைச் சுற்றிச் சுருண்டது பெரும்பாலும் கிரேக்க, ரோமானிய வழி.

யாழ்ப்பாணம்: தாத்தா 1930-களில் லண்டன் போகும் வழியில் எகிப்தின் போர்ட் சயித் துறைமுகத்தில் வாங்கியது. பொன் சட்டத்துக்குள் கல் வண்டு. அடியில் உள்ள எழுத்து மூன்றாம் துத்மோஸ் என்று ஒருவர் படித்துச் சொன்னார். 3,400 ஆண்டுப் பழையதா?

மூன்றாம் துத்மோஸின் அரியணைப் பெயரான மென்கெப்பர்ரே தாயத்தாகவே ஆகிவிட்டது. அரசர் இறந்து பல நூற்றாண்டுகள் கழித்தும் அதைப் பொறித்தார்கள். சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்த போலிகளிலும் அது இருக்கிறது. பெயரை வைத்துக் காலம் சொல்ல முடியாது. தலையிலிருந்து வால் வரை துளை போகிறதா, துளையின் வாய் நூல் உரசித் தேய்ந்திருக்கிறதா என்று பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். தாத்தாவின் கப்பல் டிக்கெட், கடிதம் எது இருந்தாலும் நகையோடு சேர்த்து வையுங்கள்.

டொராண்டோ: அது கல்லறையிலிருந்து வந்திருக்கலாம். பொன் சட்டத்தை உடைத்து வண்டை எகிப்துக்கு அனுப்புவதே அறம்.

புதுச்சேரி: உடைத்தால் விக்டோரியா காலக் கொல்லரின் வேலை அழியும். அதற்கு யார் பொறுப்பு?

இதே விஷயமாக இன்னும் பதினோரு பேர் எழுதிவிட்டார்கள், சேர்த்தே சொல்கிறேன். டொராண்டோ நண்பரின் மனக்குமுறல் எனக்குப் புரிகிறது. எகிப்து 1983-இல் 117-ஆம் எண் சட்டத்தால் தொல்பொருள் வணிகத்தை நிறுத்தியது, சரியான காரணத்துக்காக. அதன் பிறகு வெளியே வந்த, காகிதம் இல்லாத பழைய வண்டை வாங்கவே கூடாது. ஆனால் திருப்பித் தருவதற்கு உடைக்கத் தேவையில்லை. முழு நகையாகவே தரலாம். மோதிரத்தில் சுழலும்படி வண்டைப் பொன்னில் கட்டியவர்களும் எகிப்தியர்களே. யாழ்ப்பாணத்து வண்டு பழையதா என்றே இன்னும் தெரியாது. புதுச்சேரி நண்பருக்கு ஒன்று: 1930-களில் வாங்கியது என்பதால் சட்டம் விக்டோரியா காலம் ஆகிவிடாது. முத்திரையைப் பார்க்காமல் அதற்காகவும் சண்டை வேண்டாம்.

இந்தியாவில் இருப்பவர்கள் கவனிக்க: 100 ஆண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை.

ஈரோடு: சிறகு விரித்த ப்ரூச், பின்னால் 800 என்று இருக்கிறது. எத்தனை மாற்றுப் பொன்? விலை?

800 என்பது பெரும்பாலும் வெள்ளி. மேலே பொன் முலாமாக இருக்கலாம். ஜெர்மனி உள்ளிட்ட நாடுகளில் வழங்கிய தரம். விலையைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

நாகர்கோவில்: ஆசாரி ஆசிட்டில் போட்டுப் புதிதுபோல் ஆக்கித் தருகிறேன் என்கிறார்.

கொடுக்காதீர்கள். லாபிஸும் பெரோசாவும் அமிலத்தில் கெடும். பழைய பொன்னின் நிறமும் போகும். கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், முக்காதீர்கள். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.

கோவை (மீண்டும்): அம்மா, உங்கள் பதில் வருவதற்குள் ஊறவைத்துவிட்டேன். இரண்டு வண்டுகள் மங்கலாகத் தெரிகின்றன.

பதறாதீர்கள். உடனே வெளியே எடுங்கள். அலசவோ தேய்க்கவோ வேண்டாம். பழைய பருத்தி வேட்டித் துண்டில் ஒற்றி, நிழலில் இரண்டு நாள் வையுங்கள். வெயிலும் முடி உலர்த்தும் கருவியும் ஆகாது. பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவிவிடாதீர்கள். ஈரத்தில் கல்லின் அடிப்பசை இளகியிருக்கலாம், ஆகவே கல்யாணத்துக்கு அதைப் போட வேண்டாம். காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்.