ஃபிலடெல்ஃபியா ரீலும் ஒன்பது பேரிங்கும்

அன்புள்ள அண்ணா,

நியூஜெர்சிக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது, உங்கள் தூண்டில் கட்டுரைகளைப் படித்துத்தான் கடற்கரைக்குப் போகவே ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஊரைவிட்டுப் போகும்போது தன் பழைய பென் 704 ரீலை (தூண்டில் நரம்பு சுற்றும் கருவி) எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பச்சை நிறம், ஃபிலடெல்ஃபியாவில் செய்தது. நல்ல கனம், சுற்றினால் கரகரவென்கிறது. அதனால் ஒன்பது பேரிங் போட்ட புது ரீல் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். சீனாவில் செய்தது. கைக்கு வந்த அன்று சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றியது. இரண்டாவது சீசனில் ஒரு பெரிய ஸ்ட்ரைப்டு பாஸ் மீன் இழுத்த இழுப்பில் உள்ளே கியர் பல் போய், கைப்பிடி சும்மா சுற்றுகிறது. தொழிற்சாலைகள் எல்லாம் சீனாவுக்குப் போனதால்தான் தரம் கெட்டதா? பழையதை வாங்கிக்கொள்ள ஒருவர் கேட்கிறார், கொடுத்துவிடலாமா?

கே.

அன்புள்ள கே.,

அந்த மீன் போனது எனக்கே வருத்தமாக இருக்கிறது. நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். சீனா என்ற ஒரு சொல்லில் இதை முடித்துவிட முடியாது என்பதுதான் இருபது வருடமாக ரீல்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கும் எனக்குப் புரிந்தது.

முதலில் உங்கள் கையில் இருப்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போன ஓட்டோ ஹென்ஸ், ஓஷன் சிட்டி என்ற ரீல் கம்பெனியில் வேலை பார்த்தவர், 1932-ல் ஃபிலடெல்ஃபியாவில் பென் நிறுவனத்தைத் தொடங்கினார். உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த நேரம் அது. 1936-ல் அவர்களுடைய செனட்டர் வந்தது, ஆழ்கடல் மீனுக்கான ரீல். அதன் வடிவம் பல பத்தாண்டுகளுக்குப் பெரிதாக மாறவே இல்லை. இதில் எனக்கு மிகப் பிடித்தது உதிரி பாகங்களுக்கு அவர்கள் எண் கொடுத்த விதம். 5 என்றால் பெரிய கியர், 13 என்றால் பினியன் என்ற சின்ன கியர், அதோடு ரீலின் எண்ணைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். 5-113 என்று எழுதிக் கேட்டால் செனட்டர் 113-ன் கியர் வந்துவிடும். ஒரே ஒரு திருகு வேண்டும் என்றாலும் அதற்கும் ஓர் எண் உண்டு. பின்னாளில் டிராக்குக்கு, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் பிரேக்குக்கு, ஹெச்டி-100 என்ற கார்பன் வாஷர் வந்தபோது, தாத்தா காலத்துச் செனட்டரில்கூட அதைப் போட்டுக்கொள்ள முடிந்தது. பழுது பார்ப்பதையும் மனதில் வைத்து ஒரு பொருளைச் செய்வது என்றால் இதுதான், இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

பின்னாளில் பென்னை கே2 என்ற நிறுவனம் வாங்கியது, 2007-ல் கே2-வையே ஜார்டன் என்ற நிறுவனம் வாங்கியது. நடுத்தர விலை ரீல்களின் உற்பத்தி சீனாவுக்குப் போனது, விலை உயர்ந்த இன்டர்நேஷனல் போன்றவை ஃபிலடெல்ஃபியாவில் தொடர்ந்தன. சரி, சீனாவுக்குப் போனவை எல்லாம் குப்பையா? இல்லை. 2012-ல் வந்த ஸ்பின்ஃபிஷர் 5 முழு உலோக உடம்பு, டிராக்குக்குள் தண்ணீர் புகாது, செய்தது சீனாவில். 2017-ல் வந்த ஸ்லாமர் 3-ல் கியரை வார்த்துவிட்டு விடாமல் கணினி இயந்திரத்தில் வெட்டினார்கள், அதுவும் சீனாவில்தான். அந்த ரீலை வைத்துப் பெரிய பாரை மீன்களை ஏற்றியவர்களைத் தெரியும், குறை சொல்லி யாரும் என்னிடம் வந்ததில்லை. என்ன உலோகத்தில் செய்ய வேண்டும், எவ்வளவு செலவு செய்யலாம் என்று ஆர்டர் கொடுப்பவர் எழுதிக் கொடுக்கிறார், தொழிற்சாலை அதைச் செய்து தருகிறது. ஒரே கூரையின் கீழ் இருபது வருடம் உழைக்கும் ரீலும் வரும், இரண்டு சீசன் ரீலும் வரும்.

உங்கள் புது ரீலைத் திறந்து பாருங்கள். பெரிய கியர் சாம்பல் நிறத்தில், உடைந்த இடம் பொடிப்பொடியாக இருந்தால் அது துத்தநாகக் கலவை வார்ப்பு. உருக்கி அச்சில் தள்ளினால் பல்லோடு சேர்ந்தே வந்துவிடும், வெட்டுகிற செலவு மிச்சம். புதிதில் அது வெட்டிய கியரைவிட வழுவழுப்பாகக்கூட சுற்றும், நீங்கள் மயங்கியது அதில்தான். பேரிங் எண்ணிக்கை பெட்டியின்மேல் போட வசதியான எண், அவ்வளவே. 704-ல் ஒரு சிலதான் இருக்கும். அதில் காசு கியரில் போயிருக்கிறது. இன்னொன்று, 90-களில் பின்னல் நரம்பு, அதாவது பல இழைகளைப் பின்னிச் செய்த நரம்பு, பரவியது. நைலான் நரம்பு இழுபட்டுக் கொடுக்கும், பின்னல் கொடுக்காது. மீனின் ஒவ்வொரு உதறலும் நேராகப் பல்லில் போய் விழுகிறது. கியர் மெலிந்துகொண்டே வந்த அதே காலத்தில் அதன் மேல் விழும் சுமை கூடிக்கொண்டே போனது. நிறைய ரீல்கள் அங்கேதான் செத்தன.

எனக்கும் இது நடந்திருக்கிறது. பெயர் வேண்டாம், நல்ல பெயருள்ள பிராண்டுதான். வாங்கி மூன்றாவது வருடம் பல் தேய்ந்தது. உதிரி கேட்டால் அந்த மாடலே நின்றுவிட்டது, அதற்குப் பின் வந்த மாடலின் கியர் இதில் உட்காராது என்றார்கள். கோவையில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் எடுத்துப் போனேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பற்கள் சாய்ந்தும் வளைந்தும் இருந்தன, அது அவருடைய மெஷினில் வெட்ட வராது. "பித்தளையா இருந்தா ஊதி வச்சு ராவியாவது பாத்திருப்பேன், இதுல சூடு வச்சா உருகிடும்" என்றார். மூன்று வருடத்துக்கு முன் அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ரீல், ஒரு ரூபாய் அளவு உலோகத்துக்காகக் குப்பைக்குப் போனது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

ஆகவே நாம் இழந்தது எது என்று என்னைக் கேட்டால், உதிரியைத்தான் சொல்வேன். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை மாடலை மாற்று, பழையதை மற என்ற வியாபாரம், செய்கிற பட்டறைக்கும் பழுது பார்க்கிற மேசைக்கும் நடுவே ஒரு கடலையே வைத்துவிட்டது.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். சுவீடனில் ஸ்வாங்ஸ்டா என்ற ஊரில் 1921-ல் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கியதுதான் பிறகு ஆபு என்ற ரீல் நிறுவனம் ஆனது, அம்பாசடர் ரீல் அங்கே பிறந்தது. மிட்செல் ரீல்கள் வந்தது பிரான்சின் க்ளூஸிலிருந்து, அதுவும் கடிகாரக்காரர்களின் ஊர். நுணுக்க வேலை பழகிய கைகள் பக்கத்திலேயே இருந்ததால்தான் அந்த ரீல்கள் அப்படி வந்தன. பின்னாளில் மிட்செல் 300 என்ற பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு ஆசியாவில் செய்த ரீல்களைத் திறந்தால் பழைய 300-ன் சாயலே இருக்காது. பெயரை விற்கலாம், அந்தக் கைகளை எப்படி விற்பது?

ஆனால் ஜப்பானை மறந்துவிட்டு இதைப் பேசக் கூடாது. 60-களிலும் 70-களிலும் அமெரிக்கர்கள் பலருக்கு ஜப்பான் ரீல் என்றால் மலிவுச் சரக்கு. சைக்கிள் உதிரி செய்துகொண்டிருந்த ஷிமானோ 1970-ல் தூண்டில் பக்கம் வந்தது, 1992-ல் ஸ்டெல்லா என்ற உயர்தர ரீலைக் கொண்டுவந்தது, அப்புறம் யாரும் அப்படிப் பேசவில்லை. அவர்களுடைய ஸ்ட்ராடிக் ரீல் வருவது மலேசியாவிலிருந்து. வெளிநாட்டில் செய்கிறார்கள், ஆனால் சொந்தத் தொழிற்சாலையில், சொந்த அளவுகோலோடு செய்கிறார்கள்.

பழையதெல்லாம் தங்கம் என்றும் நான் சொல்லவில்லை. 704-ன் கைப்பிடியைப் பின்னால் அசைத்தால் ஆடும், மெல்லிய பின்னல் நரம்பை அது சீராகச் சுற்றாது. அந்தக் காலத்து மோசமான ரீல்கள் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன, நம் கையில் மிஞ்சியிருப்பது நல்லவை மட்டும். அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

704-ஐ விற்காதீர்கள், கே. அந்தக் கரகரப்பு பெரும்பாலும் இறுகிப்போன பழைய கிரீஸ், மணலும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். பக்க மூடியைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து, கடலுக்கு ஆகிற கிரீஸ் புதிதாக வையுங்கள். நைலான் நரம்பே போடுங்கள். நரம்பைப் பிடித்துச் சுற்றும் கம்பி வளையத்தின் ஸ்பிரிங் (பெயில் ஸ்பிரிங்) இத்தனை வருடத்தில் தளர்ந்திருக்கும், அதை மாற்றிவிடுங்கள், உங்கள் ஊரில் இன்னும் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் கழற்றுவதற்கு முன்னாலேயே அந்த ஸ்பிரிங் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதை எனக்கும் அனுப்புங்கள்.