மருதாணிக் கோனும் நகைப் பெட்டியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மருதாணித் தூளில் எலுமிச்சைச் சாறு விட்டுக் குழைத்து, உடனே கோனில் அடைத்துக் கையில் வைக்கிறேன். இரண்டு மணி நேரம் கழித்துக் கழுவினால் வெளிர் ஆரஞ்சுதான். மூன்றாம் நாள் அதுவும் மங்கிவிடுகிறது. தூள் சரியில்லையா, நான் செய்வது சரியில்லையா?

பதில்: தூளைப் பிறகு பார்ப்போம். நீங்கள் எழுதியதிலேயே இரண்டு பிழை தெரிகிறது. ஒன்று, ஊறவிடாமல் கோன் போட்டது. இன்னொன்று, இரண்டு மணி நேரத்தில் கழுவியது.

மருதாணி இலையில் நிறம் தருவது லாசோன் என்ற பொருள். காய்ந்த தூளில் அது அப்படியே தயாராக இருப்பதில்லை. லேசான புளிப்பான ஈரத்தில் ஊறும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். அப்படி வந்த லாசோன்தான் தோலின் மேலடுக்கிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தோடு பிணைகிறது. குழைத்த கையோடு வைத்தால் பிணைய வேண்டியதில் பெரும்பகுதி இன்னும் இலைத்தூளுக்குள்ளேயே கிடக்கும்.

100 கிராம் தூளுக்கு ஓர் அளவு சொல்கிறோம். வடிகட்டிய எலுமிச்சைச் சாறு 200 மில்லி விட்டுக் கட்டியில்லாமல் கலக்குங்கள். சர்க்கரை 25 கிராம், டீ ட்ரீ அல்லது லாவெண்டர் எண்ணெய் 30 மில்லி சேருங்கள். எண்ணெய் வெறும் வாசனைக்கு அல்ல, நிறம் ஆழமாக ஏறுவதே அதனால்தான். பாத்திரத்தின் பக்கமெல்லாம் வழித்துவிட்டு, விழுதின் மேலேயே ஒட்டும்படி பிளாஸ்டிக் தாளை அழுத்தி மூடி வையுங்கள். அறை 30 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் 4 முதல் 6 மணி நேரம் போதும். 22, 23 டிகிரி என்றால் 10, 12 மணி நேரம்கூட ஆகும். மேற்பரப்பு பழுப்பாகவும், கிளறினால் உள்ளே பச்சையாகவும் தெரியும். அப்போது உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து, ஐந்து நிமிடத்தில் துடைத்துப் பாருங்கள். பளிச்சென்று ஆரஞ்சு விழுந்தால் தயார். அதன் பிறகே மிச்சச் சாற்றை ஒவ்வொரு ஸ்பூனாகச் சேர்த்துப் பதம் கொண்டுவர வேண்டும். தூளைப் பொறுத்து மொத்தச் சாறு 250 முதல் 300 மில்லி வரை போகும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் விழுது அறுந்து அறுந்து விழாமல், நாடா மாதிரி மடிந்து விழ வேண்டும்.

சீக்கிரம் ஊற வேண்டும் என்று கொதிக்கும் தண்ணீர் விடுகிறவர்கள் உண்டு. வேண்டாம். நிறம் வேகமாக வரும், அதே வேகத்தில் செத்தும் போகும். ஊறிய விழுது அறைச் சூட்டில் ஒரு நாளைத் தாண்டினாலே வீரியம் குறையத் தொடங்கும். குளிர்பெட்டியில் சில நாள் தாங்கும். கோனாக அடைத்து உறையறையில் வைத்தால் பல மாதம் இருக்கும்.

இனி கையில் வைத்த பிறகு. 6 முதல் 8 மணி நேரம் விட்டுவிடுங்கள். உதிர்க்கும்போது தண்ணீர் கூடாது. கத்தியின் மழுங்கிய பக்கத்தால் சுரண்டி, எண்ணெய் தொட்டுத் துடையுங்கள். அடுத்த 12 மணி நேரம் தண்ணீர் படாமல் இருந்தால் மிக நல்லது. எடுத்த உடனே ஆரஞ்சாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். காற்றுப் பட்டு 24 முதல் 48 மணி நேரத்தில்தான் அது செம்பழுப்பாகும். ஏதாவது விசேஷம் என்றால் இரண்டு நாள் முன்பே வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். உள்ளங்கையில் மேல்தோல் தடிப்பு, அதனால் கருஞ்சிவப்பு. புறங்கையில் அதே விழுது ஒரு படி குறைவாகத்தான் பிடிக்கும். முழங்கைப் பக்கம் இன்னும் குறைவு.

இவ்வளவும் சரியாகச் செய்தும் நிறம் வரவில்லை என்றால் தூள்தான் பழசு. நல்ல தூளுக்குக் காய்ந்த புல் வாசமும் கொஞ்சம் மங்கிய பச்சையும் இருக்கும். கிளிப்பச்சையைக் கண்டு மயங்காதீர்கள். ஈர விழுதை வெள்ளை டிஷ்யூ தாளில் ஒரு சொட்டு வையுங்கள். சுற்றிப் பரவும் ஈரம் பழுப்பாகவோ ஆரஞ்சாகவோ இருக்க வேண்டும். பச்சைத் தண்ணீர் கசிந்தால் அது கலந்த சாயம்.

கேள்வி: கோடு போடும்போது நடுவில் அடைக்கிறது. அழுத்தினால் குபுக்கென்று ஒரு கட்டி வந்து டிசைனே கெட்டுப்போகிறது. கோன் நுனியை இன்னும் பெரிதாக வெட்டலாமா?

பதில்: வெட்டாதீர்கள். பெரிய நுனியில் அடைப்பு தெரியாமல் போகும், ஆனால் மெல்லிய கோடு இனி வராது.

அடைப்பதற்குக் காரணம் இலை நரம்பின் சிறு நார். தூளை எவ்வளவு சலித்தாலும் ஒன்றிரண்டு தப்பி வரும். விழுதையே வடிகட்டுவதுதான் வழி. சுத்தமான நைலான் காலுறைக்குள் விழுதைப் போட்டு, வாயை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, மறு கையால் பிழிந்து இறக்குங்கள். கடைசியில் உள்ளே தங்குகிற சொரசொரப்பான கசட்டைப் பார்த்தால், இத்தனை நாள் எதோடு போராடினீர்கள் என்று தெரியும்.

குபுக்கென்று வருவது காற்றுக் குமிழி. கோனில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, மேலிருந்து விரலால் வழித்துக் காற்றை வெளியேற்றிவிட்டு மடித்து டேப் ஒட்டுங்கள். கோனை நீங்களே சுருட்டினால் செல்லோபேன் தாளை 12க்கு 17 செ.மீ. அளவில் வெட்டிக்கொள்ளலாம். நீளப் பக்கத்தின் நடுப்புள்ளிதான் நுனி. அங்கே கட்டைவிரலை ஊன்றி ஒரு மூலையை உள்ளே சுருட்டி, மறு மூலையை அதன்மேல் இறுக்கிச் சுற்றுங்கள். ஒரு குண்டூசியை நுனியில் செருகியபடியே சுருட்டினால் ஓட்டை அந்த ஊசியின் பருமனுக்கே அமையும். வைத்திருக்கும்போது அதே ஊசி மூடியாகவும் ஆகும்.

கோடு நடுங்குகிறவர்கள் பலர் நுனியைத் தோலில் உரசிக்கொண்டே இழுக்கிறார்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூக்கிப் பிடியுங்கள். விழுது நூல் மாதிரி இறங்கும், அந்த நூலைக் கையில் படுக்க வையுங்கள். சுண்டுவிரல் எதிலாவது ஊன்றியிருக்கட்டும். கோடு முடிகிற இடத்துக்குச் சற்று முன்பே அழுத்தத்தை விட்டுவிட்டால் வால் மெலிந்து அழகாக நிற்கும். நூல் அறுந்துகொண்டே இருந்தால் விழுதில் சர்க்கரை போதவில்லை. கோடு பரந்து தட்டையாகிவிட்டால் சாறு அதிகம், கொஞ்சம் தூள் சேர்த்துக் குழைத்து மறுபடி சில மணி நேரம் ஊற வையுங்கள்.

கேள்வி: அரை மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் கறுப்புக் கோன் வாங்கி வைத்திருக்கிறேன். தோழி வேண்டாம் என்கிறாள். ஒரு தடவை போட்டால் என்ன ஆகிவிடும்?

பதில்: தோழி சொல்வதைக் கேளுங்கள். கறுப்பு மருதாணி என்று ஒரு செடி கிடையாது. மருதாணி ஆரஞ்சில் தொடங்கிப் பழுப்பில் முடியும், அவ்வளவுதான். அரை மணியில் கறுப்பது பெரும்பாலும் பி.பி.டி. எனப்படும் பாரா-ஃபெனிலீன்டையமின், முடிக்குப் போடும் சாயத்தில் இருக்கும் பொருள். ஐரோப்பிய ஒன்றியத்தில் முடிச்சாயத்தில்கூட, தலையில் தடவும் நிலையில் இது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தோலில் பூச அனுமதியே இல்லை.

'ஒரு தடவை' என்பதுதான் இங்கே ஆபத்து. முதல் தடவை சிலருக்கு ஒன்றும் ஆகாது, சிலருக்கு ஒன்றிரண்டு வாரத்துக்குள் டிசைன் போட்ட கோட்டிலேயே கொப்புளம் எழும்பும். ஆனால் உடம்பு அந்தப் பொருளை நினைவில் வைத்துக்கொண்டுவிட்டால் அந்த ஒவ்வாமை ஆயுளுக்கும் போகாது. பிற்காலத்தில் முடிச்சாயம் போடும்போது முகம் வீங்கலாம். சில மரப்புமருந்துகளும் துணிச்சாயங்களும்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஏற்கெனவே போட்டு அரிப்பு தொடங்கியிருந்தால் உடனே கழுவிவிட்டுத் தோல் மருத்துவரிடம் போங்கள். கோனின் உறையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

கருநீலம் வேண்டுமென்றே ஆசைப்பட்டால் ஜாகுவா என்ற பழச்சாற்றிலிருந்து வரும் மை இருக்கிறது. அதுவும் முழு நிறத்துக்கு ஒரு நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அதற்கும் சிலருக்கு ஒவ்வாமை உண்டு, எனவே சிறு புள்ளி வைத்துச் சோதித்த பிறகே போடுங்கள்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்கு உள்ளங்கையில் ஒரு பொட்டு மட்டும் வைக்கலாமா? இயற்கையானதுதானே?

பதில்: வேண்டாம். ஜி-6-பி-டி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு மருதாணி தோல் வழியே போய் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். அந்தக் குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரிந்தே இருக்காது. அதோடு குழந்தை கையை வாயில்தான் வைக்கும்.

கேள்வி: தோடு சேர்ப்பது எனக்குப் பெரிய ஆசை. 200 ஜோடிக்கு மேல் இருக்கிறது. அதில் பாதியைப் போட்டால் காது அரிக்கிறது, நீர் வடிகிறது. எது ஒத்துக்கொள்ளும் என்று போட்டுப் பார்க்காமலே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு வழக்கமான காரணம் நிக்கல். முலாம் பளபளவென்று நிற்க அடியில் நிக்கல் பூச்சு கொடுப்பது சாதாரணம். மேல்முலாம் தேய்ந்ததும் அது வியர்வையில் கரைந்து தோலுக்குள் போகிறது.

டைமெத்தில்கிளையாக்ஸைம் என்ற திரவம் நிக்கல் சோதனைக்கென்றே சிறு குப்பியில் கிடைக்கிறது. பஞ்சுக்குச்சியில் இரண்டு சொட்டு விட்டுத் தோட்டின் கம்பியில் அரை நிமிடம் தேயுங்கள். பஞ்சு இளஞ்சிவப்பானால் நிக்கல் வெளிவருகிறது. முகப்பைச் சோதித்துவிட்டுக் கம்பியை விட்டுவிடாதீர்கள், காதுக்குள் போவது கம்பிதான். குத்திய துளையில் நுழையும் பாகத்துக்கு ஐரோப்பாவில் வாரத்துக்கு ஒரு சதுர செ.மீ.யில் 0.2 மைக்ரோகிராம் நிக்கலுக்குக் கீழ் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். மற்ற நகைக்கு அது 0.5. ஒவ்வாமைக்கு அவ்வளவு சிறிய அளவே போதும் என்பதற்காகச் சொல்கிறோம்.

பஞ்சைச் சிவக்க வைத்த ஜோடிகளைத் தூக்கிப் போட வேண்டாம். தோட்டின் முகப்பு அழகாக இருந்தால், தொங்கும் வகையில் கொக்கியை மட்டும் நிக்கல் இல்லாத டைட்டானியம் அல்லது நியோபியம் உலோகத்தில் மாற்றிவிடலாம். கொக்கி மாட்டியிருக்கும் சிறு வளையத்தை இரண்டு குறடால் பிடித்து, ஒரு முனையை உங்கள் பக்கமும் மறு முனையை எதிர்ப்பக்கமும் திருப்புங்கள். கதவு திறப்பது போல வாய் திறக்கும். இடவலமாக இழுத்து அகட்டினால் வட்டம் கெட்டுவிடும், பிறகு எவ்வளவு நெருக்கினாலும் வாய் சேராது, ஒரு நாள் நகை நழுவிப் போகும். நிறமற்ற நகப்பூச்சைக் கம்பியில் தடவுவது ஓரிரு முறைக்குத்தான் தாங்கும். காது புண்ணாகியிருக்கும்போது எதையும் மாட்டாதீர்கள்.

கேள்வி: கறுப்பு ஓடிய வெள்ளி ஜிமிக்கியை வெள்ளி கழுவும் திரவத்தில் முக்கினேன். வேலைப்பாடே தெரியாமல் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. பழைய கறுப்பு திரும்புமா?

பதில்: வெள்ளியாக இருந்தால் திரும்பும். அந்தக் கறுப்பு அழுக்கு அல்ல, குழிகளில் வேண்டுமென்றே ஏற்றிய வெள்ளி சல்பைடு. பொட்டாசியம் சல்பைடின் நீர்த்த, மிதமான சூட்டுக் கரைசலில் முக்கி, நிறம் வந்ததும் கழுவி, மேடுகளை மட்டும் மெருகுத்துணியால் தேய்த்தால் வேலைப்பாடு மறுபடி எழும்பும். அந்தக் கரைசல் நாறும், ஆவியும் நல்லதல்ல. நகை வேலை செய்பவரிடம் கொடுப்பதே உத்தமம். 925 (அதாவது 92.5 சதவீத வெள்ளி) முத்திரை இல்லாத, 'ஆக்ஸிடைஸ்டு' என்ற பெயரில் மட்டும் வருகிற நகையில் கறுப்பு பெரும்பாலும் பூச்சுதான். அது இந்த முறையில் வராது.

அலுமினியத் தாள், சமையல் சோடா, வெந்நீர் முறையும் இதே கறுப்பைத்தான் எடுக்கும் என்பதை நினைவில் வையுங்கள். வழவழப்பான வெள்ளிச் சங்கிலிக்கு அது அருமையான முறை. கல், முத்து, பசை எது இருந்தாலும் கூடாது.

கேள்வி: ஒவ்வொரு நகையையும் பிளாஸ்டிக் பையில் போட்டுத்தான் வைக்கிறேன். அப்படியும் கறுக்கிறது, சிலது பச்சை பிடித்துப் பிசுபிசுக்கிறது. பழைய பிளாஸ்டிக் வளையல் ஒன்றில் புளித்த வாடையும் வருகிறது.

பதில்: பையை முகர்ந்து பாருங்கள். புது மழைக்கோட்டு வாடை அடித்தால் அது பி.வி.சி. என்ற பிளாஸ்டிக். அதிலிருந்து கசியும் பொருள்தான் பிசுபிசுப்பு, செம்பும் பித்தளையும் பச்சை பிடிப்பதும் அதனால்தான். பாலிஎத்திலீன் ஜிப் பைக்கு மாறுங்கள். ஒரு பைக்கு ஒரு நகை, காற்றை அழுத்தி எடுத்துவிட்டு மூட வேண்டும். சங்கிலி என்றால் கொக்கியை மட்டும் ஜிப்புக்கு வெளியே விட்டு மூடினால் சிக்கே விழாது. ரப்பர் பேண்டும் கம்பளித் துணியும் பெட்டிக்குள் வேண்டாம். இரண்டிலும் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். சிலிக்கா ஜெல் உலோகத்துக்கு நல்லது, முத்துக்கும் ஓபலுக்கும் ஆகாது. ஏற்கெனவே பச்சை பிடித்ததை வினிகர் தொட்ட பஞ்சுக்குச்சியால் அந்த இடத்தில் மட்டும் துடைத்து, ஈரத்துணியால் ஒற்றி, நன்றாக உலர்த்துங்கள். முத்தின் பக்கம் வினிகர் போகவே கூடாது.

வளையலை இன்றைக்கே தனியே எடுங்கள். வினிகர் வாடை என்றால் அது செல்லுலோஸ் அசிடேட் என்ற பழைய வகை பிளாஸ்டிக், சிதையத் தொடங்கிவிட்டது. தேய்த்தால் கற்பூர வாடை வருவது செல்லுலாய்டு என்ற இன்னொரு பழைய பிளாஸ்டிக். அது சுலபமாகத் தீப்பிடிக்கும், எனவே சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனையைச் செய்யாதீர்கள். இரண்டும் வெளிவிடும் அமில ஆவி பக்கத்திலுள்ள உலோகத்தை அரித்துவிடும். உலோகத்துக்குச் சொன்னதற்கு நேர்மாறாக, இவற்றைக் காற்றுப்புகாமல் மூடவே கூடாது. திறந்த தட்டில், குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள். சிதைவை நிறுத்த முடியாது, தள்ளிப்போடலாம். அதனால் நல்ல வெளிச்சத்தில் இப்போதே நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கல் விழுந்த ப்ரோச்சை சூப்பர் க்ளூவால் ஒட்டினேன். கல்லே மங்கிவிட்டது.

பதில்: அந்தப் பசை காயும்போது விடும் ஆவி கல்லைச் சுற்றி வெள்ளையாகப் படியும். இரண்டு குழாய்களில் வரும், கலந்து ஒட்டும் தெளிவான எப்பாக்ஸி பசை வாங்குங்கள். பழைய பசையைச் சுரண்டிவிட்டு, பல்குச்சி நுனியில் ஒரே ஒரு புள்ளி வைத்து ஒட்டி, 24 மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். கல்லின் பின்னாலுள்ள வெள்ளித்தகடு கறுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம், புதுக் கல்தான் போட வேண்டும்.

கேள்வி: மோதிரம், வளையலோடு மருதாணி வைக்கலாமா?

பதில்: கழற்றிவிடுங்கள். முத்தும் பவளமும் சுண்ணாம்புச் சத்தால் ஆனவை, விழுதிலுள்ள எலுமிச்சைச் சாறு அவற்றின் பளபளப்பைத் தின்றுவிடும். விழுதை எடுத்த பிறகும் இரண்டு நாளுக்கு இறுக்கமான வளையல் வேண்டாம். அது உரசும் மணிக்கட்டில்தான் நிறம் முதலில் உதிரும்.